இரண்டு எண், ஒரு புள்ளி: தாமிரபரணிக் கரையை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக வரிசை பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் நெல்லைச் சீமையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணினிக்கு இந்தப் பெயர்கள் வெறும் எழுத்துகள். அதற்கு ஓர் இடம் என்றால் இரண்டு எண்கள்தான்: அட்சம் ஒன்று, தீர்க்கம் ஒன்று. அந்த இரண்டையும் சரியாகக் கொடுத்தால் புள்ளி ஆற்றின் மேல் உட்காரும். சற்றே பிசகினால் நெல்லையப்பர் கோயில் மலைக்காட்டுக்குள் போய்விடும், திருச்செந்தூர் அரபிக்கடலில் மிதக்கும்.

மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது பத்து நிமிடப் பாடம். எண்களைப் பார்த்த மாத்திரத்தில் சரியா தவறா என்று சொல்லும் கண்தான் உண்மையில் பழக வேண்டியது. ஆகவே எண்ணிலிருந்தே தொடங்குவோம்.

எண்கள் சொல்வது என்ன

அட்சம் என்பது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது. 0 முதல் 90 டிகிரி வரை போகும். தெற்கு என்றால் கழித்தல் குறி வரும். தீர்க்கம் என்பது இங்கிலாந்தின் கிரீன்விச் வழியாகப் போகும் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு என்பது. 0 முதல் 180 வரை; மேற்கு என்றால் கழித்தல். நமக்குக் கழித்தல் குறியே வேண்டாம். இந்தியா முழுவதும் வடக்கிலும் கிழக்கிலும்தான் இருக்கிறது.

இனி ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அட்சம் 8-லிருந்து 9.5-க்குள், தீர்க்கம் 77-லிருந்து 78.5-க்குள் அடங்கிவிடும். முதல் எண் எட்டோ ஒன்பதோ, இரண்டாவது எழுபத்தேழோ எழுபத்தெட்டோ. வேறு எது வந்தாலும் அந்த வரியில் கோளாறு. ஆயிரம் வரிகள் உள்ள பட்டியலைக்கூட இந்த ஒரு விதியால் ஒரு நிமிடத்தில் சலித்துவிடலாம்: அட்ச நெடுவரிசையின் சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் பாருங்கள், தீர்க்கத்துக்கும் அப்படியே பாருங்கள். நான்கும் வரம்புக்குள் இருந்தால் முதல் சோதனை முடிந்தது.

தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் வேண்டும்? நம் பகுதியில் ஒரு டிகிரி, வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும், ஏறத்தாழ 110 கிலோமீட்டர். (நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் கிட்டத்தட்ட சமம், வடக்கே போகப் போகத் தீர்க்க டிகிரி சுருங்கும்.) அப்படியானால் முதல் தசம இடம் 11 கிலோமீட்டர், இரண்டாவது 1.1 கிலோமீட்டர், மூன்றாவது 110 மீட்டர், நான்காவது 11 மீட்டர், ஐந்தாவது ஒரு மீட்டர் சொச்சம். ஊர்களைக் காட்ட இரண்டு இடம் போதும். அணைக்கட்டு, மதகு, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்றால் நான்கு அல்லது ஐந்து. கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழேயே ஐந்து மீட்டர் அளவில்தான் துல்லியம் தரும். அதனால் எட்டு, பத்து இலக்கம் வைத்திருப்பதில் பயனில்லை. நீளமான எண் துல்லியமான எண் ஆகிவிடாது.

எண்களை எங்கிருந்து எடுப்பது

கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, வேண்டிய இடத்தின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலின் தலையிலேயே இரண்டு எண்களும் இருக்கும். அதைச் சொடுக்கினால் நகலாகிவிடும். கைப்பேசியில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஊசி விழும், எண்கள் கிடைக்கும். வரிசை எப்போதும் அட்சம் முதலில், தீர்க்கம் பிறகு.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். உலாவியின் முகவரிப் பட்டியில் @ குறிக்குப் பின்னால் வரும் எண்களை நகல் எடுத்துவிடுவார்கள். அவை உங்கள் திரையின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்பவை. ஊசி குத்திய இடத்தை அல்ல. படத்தை நகர்த்தினால் அந்த எண்ணும் மாறும். அரை கிலோமீட்டர் தள்ளி விழும் புள்ளிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நேரில் போய் எடுப்பதானால் வெட்டவெளியில் நின்று, எண் ஆடாமல் நிலைபெறும் வரை அரை நிமிடமாவது பொறுத்துப் பதிவு செய்யுங்கள். கல் மண்டபத்துக்குள்ளோ, காரையாறு போன்ற மலை இடுக்கிலோ, அடர்ந்த மரத்தடியிலோ செயற்கைக்கோளின் அலை பாறையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வரும். எண் பத்து, இருபது மீட்டர் தள்ளிப் போகும். கோயிலுக்கு எடுப்பதானால் கோபுர வாசலுக்கு வெளியே வந்து எடுங்கள்.

அரசுப் பட்டியல்களிலும் பழைய புத்தகங்களிலும் எண்கள் டிகிரி, நிமிடம், விநாடி என்று இருக்கும். நெல்லையப்பர் கோயிலுக்கு ஏறத்தாழ 8° 43′ 43″ வடக்கு, 77° 41′ 19″ கிழக்கு. மென்பொருளுக்குத் தசம டிகிரி வேண்டும். நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்டுங்கள்:

8 + 43/60 + 43/3600 = 8.7286
77 + 41/60 + 19/3600 = 77.6886

இந்தக் கணக்கைப் போடாமல், 8.4343 என்றும் 77.4119 என்றும் புள்ளி வைத்து எழுதிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகவும் ஆபத்தானது. ஏனென்றால் இரண்டு எண்ணும் நமது வரம்புக்குள்ளேயே இருக்கின்றன. சலித்துப் பார்த்தாலும் மாட்டாது. கோயில் மட்டும் தென்மேற்கே 44 கிலோமீட்டர் தள்ளி, நாங்குநேரிக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் போயிருக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நிமிடமும் விநாடியும் 60-ஐத் தொடாது. ஒரு பட்டியலில் எல்லா எண்ணிலும் தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கம் 59-க்குள்ளேயே இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான தசம டிகிரியில் 8.73-ம் 77.91-ம் தாராளமாக வரும்.

இன்னொரு எழுத்துமுறையும் உண்டு: 8° 43.72′ என்று டிகிரியும் தசம நிமிடமும். படகுகளில் வைக்கும் ஜிபிஎஸ் கருவிகளில் இது வழக்கம். உவரி, மணப்பாடு, இடிந்தகரை கடற்கரைத் தரவோடு வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டும். இங்கே விநாடியே கிடையாது, 43.72-ஐ 60-ஆல் வகுத்தால் போதும்.

தாளைத் தயார் செய்வது

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. ஓர் இடத்துக்கு ஒரு வரி. அட்சத்துக்குத் தனி நெடுவரிசை, தீர்க்கத்துக்குத் தனி நெடுவரிசை. முதல் வரி தலைப்பு. பழகிப் பார்க்க இந்த எட்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் என்ற அளவுக்குப் போதுமான துல்லியத்தில் இருக்கின்றன.

ஊர், அட்சம், தீர்க்கம்
பாபநாசம், 8.71, 77.37
அம்பாசமுத்திரம், 8.71, 77.45
சேரன்மகாதேவி, 8.69, 77.57
திருநெல்வேலி, 8.73, 77.70
ஸ்ரீவைகுண்டம், 8.63, 77.91
திருச்செந்தூர், 8.50, 78.12
தூத்துக்குடி, 8.76, 78.13
தென்காசி, 8.96, 77.31

தலைப்புகளை லாட்டிட்யூட், லாங்கிட்யூட் என்று ஆங்கிலத்தில் எழுதினால் பல மென்பொருள்கள் தாமாகவே புரிந்துகொள்ளும். தமிழிலும் வைக்கலாம், எது எது என்று நாம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

எண்ணோடு டிகிரி வட்டமோ, வடக்கைக் குறிக்கும் எழுத்தோ, பின்னால் ஒரு வெற்றிடமோ ஒட்டியிருந்தால் அது எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும். எக்செலில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். நெடுவரிசையில் சில மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அவற்றைத் திருத்துங்கள்.

கோப்பை சிஎஸ்வி ஆக, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது இரண்டு விஷயம். எக்செல், திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் சிஎஸ்வியில் எழுதும். நெடுவரிசையை இரண்டு தசமம் மட்டும் காட்டும்படி வைத்திருந்தால் 8.72861 என்பது 8.73 ஆகவே கோப்புக்குள் போகும். மீதி இலக்கங்கள் திரும்பக் கிடைக்காது. சேமிக்கும் முன் ஐந்து, ஆறு இலக்கம் தெரியும்படி நெடுவரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, சேமிக்கும் வகைகளில் யுடிஎஃப்-8 என்று பெயர் உள்ள சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். பழைய பட்டியல் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள். எழுத்துருவை மட்டும் மாற்றினால் சரியாகாது, உள்ளே இருக்கும் எழுத்துக் குறியீடே வேறு.

மென்பொருளில் ஏற்றுவது

அவசரத்துக்குக் கூகுள் மை மேப்ஸ் போதும். புதிய வரைபடம், இம்போர்ட், கோப்பைக் கொடுங்கள். இடத்தைக் குறிக்கும் நெடுவரிசை எது என்று கேட்கும்போது இரண்டையும் காட்டி, எது அட்சம் எது தீர்க்கம் என்று சொல்லுங்கள். தலைப்புக்கு ஊர்ப் பெயரைக் கொடுங்கள். ஒரு கோப்பில் 2000 வரிகள் வரை ஏற்கும்.

புள்ளியின் அளவையும் நிறத்தையும் தரவைக் கொண்டு மாற்ற வேண்டுமானால் டேப்லோ பப்ளிக் நல்லது, இலவசம். கோப்பை இணைத்த பிறகு தீர்க்க நெடுவரிசையின் மேல் வலது கிளிக் செய்து, ஜியோகிராஃபிக் ரோல் என்பதில் லாங்கிட்யூட் என்று குறியுங்கள், அட்சத்துக்கு லாட்டிட்யூட். பிறகு தீர்க்கத்தை மேலே உள்ள காலம்ஸ் அலமாரிக்கும், அட்சத்தை ரோஸ் அலமாரிக்கும் இழுத்துவிடுங்கள். பட்டியலில் ஜெனரேட்டட் என்ற சொல்லோடு இன்னொரு ஜோடி அட்ச தீர்க்கம் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். அது ஊர்ப் பெயரை வைத்து மென்பொருள் தானாகத் தேடிக்கொள்ளும் இடம். உங்கள் எண்கள் அதில் இல்லை.

இப்போது திரையில் எட்டுப் புள்ளிக்குப் பதில் ஒரே ஒரு புள்ளி தெரியும். எட்டு ஊர்ப் பட்டியலில் இது மோசமாக ஏமாற்றும். எட்டு அட்சங்களின் சராசரி 8.71, தீர்க்கங்களின் சராசரி 77.70. புள்ளி மேலப்பாளையத்துப் பக்கம் விழுகிறது. பார்ப்பவர் திருநெல்வேலி மட்டும் வந்திருக்கிறது, மற்ற ஏழும் வரவில்லை என்று நினைத்துக் கோப்பில் பிழை தேடத் தொடங்கிவிடுவார். கோப்பில் ஒன்றும் இல்லை. டேப்லோ எந்த எண்ணைக் கொடுத்தாலும் சேர்த்துச் சுருக்கவே பார்க்கும்; அட்ச தீர்க்கத்துக்குச் சராசரி போட்டுவிட்டது. ஊர் என்ற நெடுவரிசையை டீட்டெய்ல் பெட்டிக்குள் இழுத்துவிட்டால், ஊருக்கு ஊர் தனித்தனியாகச் சராசரி போடும். எட்டுப் புள்ளியும் வந்துவிடும். அப்படியும், ஒரே பெயரில் இரண்டு வரிகள் இருந்தால் அவை இரண்டும் சேர்ந்து நடுவில் ஒரு புள்ளியாகும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதை டீட்டெய்லில் போடுவதே பாதுகாப்பு.

அலமாரியில் உள்ள பட்டை பச்சையாக இருக்க வேண்டும். நீலமாகிவிட்டால் படம் மறைந்து எண்களின் கட்டம் வரும். பட்டையை வலது கிளிக் செய்து கன்டின்யுவஸ் என்று மாற்றினால் படம் திரும்பும்.

எல்லைகள், ஆறுகள், தூரக் கணக்குகள் எல்லாம் வேண்டும் என்றால் க்யூஜிஐஎஸ். இதுவும் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். லேயர் மெனுவில் ஆட் லேயர், அதில் ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர். கோப்பைக் கொடுத்து, என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வையுங்கள். எக்ஸ் ஃபீல்டு, ஒய் ஃபீல்டு என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். எக்ஸ் என்பது தீர்க்கம், ஒய் என்பது அட்சம். பள்ளிக்கூட வரைபடத் தாளில் எக்ஸ் அச்சு இடமிருந்து வலமாகப் போனது நினைவிருக்கும்; கிழக்கு மேற்காகப் போகும் எண் தீர்க்கம்தான். பேச்சில் அட்சம் முதலில் வருவதால் கை தானாக அட்சத்தை எக்ஸில் போட்டுவிடும். கீழே ஆயமுறை (எண்கள் எந்த அளவை முறையில் உள்ளன என்பது) கேட்கும் இடத்தில் இபிஎஸ்ஜி 4326 என்று கொடுங்கள். ஜிபிஎஸ்ஸும் கைப்பேசிகளும் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற முறையின் எண் அது. பின்னணிக்கு பிரவுசர் பலகையில் எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ் என்பதன் கீழ் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கும். இரட்டைக் கிளிக் போதும். புள்ளிகள் கண்ணில் படாவிட்டால் அடுக்கின் பெயரை வலது கிளிக் செய்து ஜூம் டு லேயர் கொடுங்கள். எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ, அந்த இடம் உங்களுக்கு ஒரு செய்தி.

புள்ளி விழுந்த இடமே பிழையின் பெயர்

நோவைச் சொல்லும் நாடி மாதிரி, தவறிய புள்ளி போய் விழுந்த இடமே எது தவறு என்று சொல்லிவிடும்.

நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்கு மேற்கே பனிக்கடலில் புள்ளிகள் குவிந்திருந்தால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிவிட்டன. 8.73, 77.70 என்பதைத் திருப்பிப் போட்டால் 77.70 வடக்கு, 8.73 கிழக்கு, அது அந்தக் கடல்தான்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கினி வளைகுடாவில் ஒரு புள்ளி நின்றால் அந்த வரியில் எண் இல்லை. வெற்றுக் கட்டத்தை ஏதோ ஒரு கட்டத்தில் 0, 0 என்று மாற்றியிருக்கிறார்கள்.

புள்ளிகள் எல்லாம் கோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் நின்றால் எக்செலில் இரண்டு கட்டங்களைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறார்கள். எக்செல் அதைத் தொடராக எண்ணி மீதி எண்களைத் தானே போட்டுவிட்டது. ஆறும் ஊரும் அப்படி நேராக அமைவதில்லை. கட்டம் கட்டமாக, கிலோமீட்டருக்கு ஒன்றாக நின்றால் தசம இலக்கங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன.

எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் ஒரே அளவு, நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, பாலம் ஆற்றுக்கு வெளியே, குளம் கரைக்கு வெளியே என்று நின்றால் எண்கள் பழைய நில அளவைத் தாளிலிருந்து வந்தவை. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற வேறொரு பூமி அளவை அடிப்படையாகக் கொண்டவை. ஏற்றும்போது ஆயமுறையை அதற்கேற்ப மாற்றிச் சொன்னால் மென்பொருளே நகர்த்தித் தரும்.

புள்ளி தஞ்சாவூர் மாவட்டத்தில் விழுந்தால்? நீங்கள் எண் கொடுக்கவில்லை, பெயரை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். பாபநாசம் தஞ்சாவூரிலும் உண்டு. தாமிரபரணிக் கரை ஆத்தூருக்குச் சேலத்தில் ஒரு பெயரொற்றுமை இருக்கிறது. ஆலங்குளம் தென்காசி மாவட்டத்திலும் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறது. பெயரை வைத்துத் தேடும் வசதி வேகமானது, ஆனால் நம் ஊர்ப் பெயர்களுக்கு நம்பகமானது அல்ல. பாளையங்கோட்டையையும் திருச்செந்தூரையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எண் இருக்கும்போது எண்ணையே கொடுங்கள். பெயரைத் தலைப்புக்கு மட்டும் வையுங்கள்.

வரம்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் பிழைகளைப் பிடிக்க ஆறே உதவும். எட்டு அணைக்கட்டுகளின் எண்களை நீங்களே சேகரித்து ஒரு பட்டியல் போடுங்கள். தீர்க்கத்தை ஏறுவரிசையில் அடுக்குங்கள். தாமிரபரணி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் கோடைமேலழகியான் முதலிலும் ஸ்ரீவைகுண்டம் கடைசியிலும் வர வேண்டும். இடையில் எந்தப் பெயராவது வரிசை தப்பினால் அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். அட்சத்தை வைத்து இப்படிச் சோதிக்க முடியாது; பாபநாசத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே தீர்க்கம் அரை டிகிரிக்கு மேல் ஏறும்போது அட்சம் 0.1 அளவுக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எழுபத்தெட்டாவது டிகிரி என்னும் வேலி

இது நெல்லைச் சீமைக்கே உரிய சிக்கல். பொதுப் பயிற்சிப் பாடங்களில் வராது.

பொறியாளர்களும் நில அளவையாளர்களும் டிகிரியில் வேலை செய்ய மாட்டார்கள், மீட்டரில்தான் செய்வார்கள். அதற்கு யுடிஎம் என்ற முறை. பூமியை 6 டிகிரி அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மீட்டர் எண் கொடுக்கிறது. 72 முதல் 78 டிகிரி வரை 43-வது பட்டை. 78 முதல் 84 வரை 44-வது. அந்த 78-வது தீர்க்கக்கோடு ஸ்ரீவைகுண்டத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே வெட்டிக்கொண்டு போகிறது. பாபநாசம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஒரு பட்டை. திருச்செந்தூர், தூத்துக்குடி, புன்னைக்காயல் இன்னொரு பட்டை. ஒரே ஆறு, பிறக்கும் இடம் ஒரு பட்டையில், கடலில் சேரும் இடம் அடுத்ததில்.

திருநெல்வேலியின் எண்கள் இந்த முறையில் ஏறத்தாழ 7,97,000 கிழக்கு, 9,66,000 வடக்கு என்று வரும். திருச்செந்தூருக்குக் கிழக்கு எண் 1,83,000 அளவில்தான் இருக்கும். கிழக்கே இருக்கும் ஊருக்குச் சிறிய எண் எப்படி என்று திகைக்க வேண்டாம்; பட்டை மாறியதும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து, முழுவதையும் 43 என்று ஏற்றினால் திருச்செந்தூர் சரியாக 6 டிகிரி மேற்கே நகர்ந்து, மினிக்காய் தீவுக்கும் மேற்கே அரபிக்கடலில் விழும். இரண்டு கோப்புகளாகப் பிரித்து, ஒன்றை இபிஎஸ்ஜி 32643 என்றும் மற்றதை 32644 என்றும் க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றி, இரண்டையும் 4326-க்கு மாற்றி ஏற்றுமதி செய்து, பிறகு சேருங்கள். டேப்லோ, மை மேப்ஸ் இரண்டுக்கும் நெடுவரிசையில் தசம டிகிரியாகத்தான் எண் கொடுக்க வேண்டும். இந்த மீட்டர் எண்களை அப்படியே ஏற்றினால் வெற்றுப் படம்தான் வரும்.

வட்டத்தின் அளவு

இடம் சரியானதும் அடுத்த ஆசை, புள்ளியின் அளவால் ஏதாவது சொல்ல வேண்டும் என்பது. எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. செய்தித்தாளில் தினமும் வருவது அடிக்கணக்குதான் என்பதால் அதையே அளவாகக் கொடுக்கத் தோன்றும். கொடுத்தால் சேர்வலாறுதான் பெரிய வட்டம். கொள்ளளவைப் பாருங்கள்: பாபநாசம் 5500 மில்லியன் கன அடி, மணிமுத்தாறு 5511, சேர்வலாறு 1225. உயரத்தில் முதலில் நிற்பது தண்ணீரில் கால் பங்குக்கும் குறைவு. பாசனத்தைப் பற்றிப் பேசும் படத்தில் கொள்ளளவைத்தான் வட்டமாக்க வேண்டும்.

வட்டத்தின் பரப்புதான் எண்ணுக்கு ஏற்ப வளர வேண்டும், ஆரம் அல்ல. மணிமுத்தாறு சேர்வலாற்றைப் போல 4.5 மடங்கு. ஆரத்தை 4.5 மடங்கு ஆக்கினால் பரப்பு 20 மடங்காகிவிடும். கண் பார்ப்பது பரப்பை. டேப்லோ பரப்பைக் கணக்கிட்டே வரையும். க்யூஜிஐஎஸ்ஸில் அளவை நீங்களாகச் சூத்திரத்தில் கொடுத்தால் எண்ணின் வர்க்கமூலத்தைக் கொடுங்கள்.

எல்லைக்கோடும் பகிர்தலும்

மாவட்ட எல்லைக் கோப்பு ஒன்றைப் புள்ளிகளின் கீழே விரிக்கும்போது அது எந்த ஆண்டுக் கோப்பு என்று பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986-ல், தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். இணையத்தில் கிடைக்கும் பல எல்லைக் கோப்புகள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டியவை. அவற்றில் குற்றாலமும் சங்கரன்கோவிலும் இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கும். புள்ளிகளை மாவட்ட வாரியாக எண்ணச் சொன்னால் மென்பொருள் பழைய எல்லைப்படியே எண்ணித் தரும். புள்ளி சரி, எல்லையும் அந்த ஆண்டுக்குச் சரி, இன்றைய கூட்டுத்தொகை மட்டும் தவறு.

முழு இந்தியாவும் தெரியும்படி படத்தை வெளியிட்டால் நாட்டின் எல்லை சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட படத்தோடு ஒத்துப்போக வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தவறான எல்லையை வெளியிடுவது தண்டனைக்குரியது. வெளிநாட்டு மென்பொருள்களின் பின்னணிப் படத்தில் காஷ்மீர்ப் பகுதி வேறு மாதிரி கோடிட்டிருக்கும். நமது படத்துக்கு மூன்று மாவட்டம் போதுமென்றால் அந்த அளவுக்குப் பெரிதாக்கிப் படத்தை நிறுத்திவிடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பின்னணியைப் பயன்படுத்தினால் அதன் பெயரைப் படத்தின் ஓரத்தில் போட வேண்டும். எளிதான நிபந்தனைதான், விட்டுவிடாதீர்கள்.

டேப்லோ பப்ளிக்கில் வெளியிடும் எதையும் யாரும் பார்க்கலாம்; தடுக்காவிட்டால் அடியில் உள்ள தரவையும் தரவிறக்கலாம். ஆகவே வீடுகளின் எண்கள், நோயாளிகளின் முகவரிகள், களக்காடு முண்டந்துறைக் காட்டில் அரிய உயிரினம் தென்பட்ட இடங்கள் ஆகியவற்றை ஐந்து இலக்கத்தோடு ஏற்றக் கூடாது. கோப்பிலேயே இரண்டு இலக்கமாகச் சுருக்கி, பிறகு ஏற்றுங்கள். புள்ளி கிலோமீட்டர் அளவில் மங்கிவிடும், ஊர் மட்டும் தெரியும். படத்தைச் சிறிதாக்கிக் காட்டுவதும் வட்டத்தைப் பெரிதாக்குவதும் இதற்கு மாற்று ஆகாது. சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் சிறு பெட்டியில் முழு எண்ணும் அப்படியே எழுதியிருக்கும்.